மேடம் என்றான்

அவன் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. செருப்பைத்தான் பார்த்தாள். புதுச் செருப்பு, ஓரத்தில் வெள்ளைத் தையல், வலது காலில் மட்டும் மண். அதற்கு மேலே பேண்ட்டின் மடிப்பு வரைக்கும் கண் ஏறியது, அதற்குமேல் ஏறவில்லை. ஆண்பிள்ளை யார் வந்து எதிரே நின்றாலும் சீனியம்மாளுக்கு அப்படித்தான், பேரன் பேத்தி எடுத்த பிறகும் அந்தக் கூச்சம் விடவில்லை. "மேடம், நான் தனுஷ்யாவோட அப்பா. பாப்பாவைக் கூட்டிட்டுப் போறேன் மேடம்" என்றான். அவள் தலையை ஆட்டினாள். மூன்றாம் வகுப்பு வரிசையிலிருந்து பிள்ளை எழுந்தது, போனது, வெளிக் கேட்டின் கொண்டி கிளுக்கென்றது. அவ்வளவுதான் நடந்தது. பிள்ளைகள் வாய்ப்பாட்டை விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார்கள், ஓர்மூணு மூணு, ஈர்மூணு ஆறு, மூமூணு ஒம்பது. நாமூணு பன்னெண்டு என்று வந்தபோதுதான் உள்ளே ஏதோ ஒன்று, சோற்றில் கல் கடிபட்டதுபோல, நறுக்கென்றது. என்ன அது. எதையோ மறந்துவிட்டோம். குழம்பு கொதிக்கிற நேரத்தில் உப்புப் போட்டோமா இல்லையா என்று ஒரு சந்தேகம் வருமே, அந்த மாதிரி. உப்பென்றால் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்க்கலாம். இதை எதில் விட்டுப் பார்ப்பது.

மேடம் என்றானே, அதுதான். அந்த ஒரு சொல்தான் எல்லாவற்றையும் செய்தது. அவள் இந்தப் பள்ளிக்கூடத்துச் சத்துணவு ஆயா. அரிசியில் கல் பொறுக்குவதும் காய் அரிவதும் சோறு போடுவதும் அண்டா கழுவிக் கவிழ்ப்பதும் அவள் வேலை. பிள்ளைகளுக்கு ஆயாம்மா, டீச்சர்களுக்குச் சீனியம்மா, சமையல்காரி லூர்துக்கு 'ஏ இவளே'. மேடம் என்று பிறந்ததிலிருந்து ஒருத்தரும் அவளைக் கூப்பிட்டதில்லை. ஹெலன் டீச்சருக்கு இன்று அருப்புக்கோட்டையில் திடீர்க் கூட்டம், மகேஸ்வரி டீச்சர் பயிற்சிக்குப் போய் இரண்டு நாளாகிறது. சோத்தை லூர்து பாத்துக்கிடும், நீங்க பிள்ளைங்ககூட இருங்க சீனியம்மா, சத்தம் வராம இருந்தாப் போதும் என்று சொல்லிவிட்டு ஹெலன் டீச்சர் ஸ்கூட்டியை எடுத்தார்கள். முதலில் அவள் நின்றாள். பிறகு பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்தாள், முட்டி மடங்க மாட்டேன் என்றது. லீடர் ஜெயபாரதிதான், "சேர்ல உக்காருங்க ஆயாம்மா, சும்மாதான கிடக்கு" என்றாள். சரி என்று நுனியில் உட்கார்ந்தாள். பாயிலேயே கிடந்திருந்தால் அவன் ஏம்மா என்றிருப்பான். ஏம்மா, டீச்சர் இல்லையா என்றிருப்பான். இல்லப்பா, கூட்டத்துக்குப் போயிருக்காங்க, அப்புறமா வா என்று இவளும் சொல்லியிருப்பாள், வாய்க்கு அது பழக்கம். மேடம் என்றதும் வாய் பூட்டிக்கொண்டது. மேடம் என்றால் எப்படிப் பதில் சொல்வது? ஹெலன் டீச்சர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு லேசாகத் தலையை ஆட்டுவார்கள். அதைத்தான் இவள் செய்தாள். டீச்சர் எதற்கு ஆட்டுவார்கள், எதற்கு ஆட்டமாட்டார்கள் என்று தெரியாமல் ஆட்டின தலை. அதிலும் ஆட்டும்போது ஒரு குளிர்ச்சி இருந்தது, அதை இல்லை என்று சொல்ல முடியாது. கழுத்துக்குப் பின்னால் யாரோ ஈரத்துண்டு போட்ட மாதிரி ஒரு குளிர்ச்சி. அதை நினைத்தால் இப்போது முகம் எரிகிறது.

ஆறுமூணு பதினெட்டு. அப்பா வந்து கேட்டா அனுப்பிறாதீங்க. இதுதான், இதுதான் கடிபட்ட கல். யார் சொன்னது? ஹெலன் டீச்சர் மகேஸ்வரி டீச்சரிடம் சொன்னது. எப்போது? சுண்டல் போட்ட ஒரு நாள், போன மாதமோ அதற்கு முந்தியோ. "அந்தப் பொண்ணோட அம்மா காலையில வந்து ஒரே அழுகை. கோர்ட்டுல கேஸ் நடக்குதாம். அப்பா வந்து கேட்டா அனுப்பிறாதீங்க" என்று சொல்லி, டீச்சர் மோவாயால் குழாயடியைக் காட்டினார்கள். சீனியம்மாளிடம் சொல்லவில்லை, அவளிடம் எதற்குச் சொல்ல வேண்டும். கரண்டியோடு பக்கத்தில் நின்றவள் காதில் விழுந்தது, அவ்வளவுதான். குழாயடியில் அப்போது தட்டுக் கழுவிக்கொண்டிருந்தது இரண்டு பிள்ளைகள். ஒன்று தனுஷ்யா, இன்னொன்று வர்ணிகா. இரண்டும் மூணாங்கிளாஸ், இரண்டும் ஒரே உயரம், இரண்டு பேரின் அப்பன்மாரும் ஊரில் இல்லாதவர்கள். மோவாய் இரண்டு பேருக்கும் பொதுவாக நீண்டது. அன்றைக்கே எந்தப் பொண்ணு டீச்சர் என்று கேட்டிருந்தால் ஆயிற்று. பெரியவர்கள் பேச்சில் நாம் எதற்கு நுழைவது என்று சுண்டலை அள்ளிப் போட்டுக்கொண்டு நின்றாள். பிள்ளைகளை அவளுக்குத் தட்டை வைத்துத்தான் தெரியும். கறிவேப்பிலையைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்குவது தனுஷ்யா. இன்னும் வேண்டும் என்று கேட்க வெட்கப்பட்டுத் தட்டை மட்டும் நீட்டிவிட்டு எங்கேயோ பார்ப்பது வர்ணிகா. மேலே நின்று சோறு போடுகிறவளுக்குத் தலை வகிடும் உள்ளங்கையும்தான் தெரிகிறது. எந்த வீட்டில் யார் அழுதுகொண்டிருக்கிறார்கள் என்பது எந்த வகிட்டில் தெரியும்.

வர்ணிகா அங்கேதான் இருந்தது, பென்சில் சீவின சுருளைப் பூ மாதிரி புத்தகத்தின் மேல் வைத்து ஊதிக்கொண்டு. டீச்சர் சொன்ன பிள்ளை வர்ணிகாவாக இருந்துவிட்டால் போதும். வர்ணிகா என்றால் தனுஷ்யா இல்லை. ஒரு பிள்ளைக்குக் கெட்டது இருக்கட்டும் என்று நினைக்கிறோமே, இது என்ன நினைப்பு என்று ஒரு பக்கம் உறுத்தியது, ஆனாலும் கூப்பிட்டாள்.

"வர்ணிகா, இங்க வாத்தா. உங்கப்பா எங்க இருக்காரு?"

"கேரளாவுல."

"பொய் ஆயாம்மா, அவங்கப்பா துபாய்ல" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"போடா, கேரளாதான்!"

"அப்பா ஊருக்கு வந்தா அம்மா சண்டை போடுமா?"

பிள்ளை யோசித்தது. "போடும்."

சீனியம்மாளுக்கு நெஞ்சுக்குள் ஒரு கட்டு அவிழ்ந்தது. "எதுக்குத்தா?"

"ஈரத் துண்டைக் கட்டில் மேல போட்டுருவாரு."

"அதில்ல. அம்மா கோர்ட்டு கீர்ட்டுன்னு எங்கயாவது போச்சா?"

"போச்சே. என்னையும்தான் கூட்டிட்டுப் போச்சு. போட்டோ பிடிச்சாங்க. கை ரேகை வச்சாங்க. ஆதார் கார்டு வந்துச்சு."

அவிழ்ந்த கட்டு மறுபடியும் இறுகியது. ஜெயபாரதி கரும்பலகைப் பக்கம் போனாள். மேலே 'பேசியவர்கள்' என்று காலையிலேயே எழுதிக் கோடு போட்டு வைத்திருந்தாள், அதன் கீழே வர்ணிகா பெயரையும் துபாய் என்று சொன்னவன் பெயரையும் எழுதினாள். "நீங்களும்தான் பேசுறீங்க ஆயாம்மா. உங்க பேரை எழுதக் கூடாது, அதான் விட்டுட்டேன்" என்றாள். பிறகு சாக்பீஸை உதட்டில் தட்டிக்கொண்டே, "தனுஷ்யாவுக்கு என்னன்னு சொல்ல? லீவுன்னா லெட்டர் குடுக்கணும். ஆப்சென்ட்டுன்னா காலையில வந்துருக்கா. டீச்சர் வந்து யார் அனுப்புனதுன்னு கேப்பாங்கள்ல?" என்றாள். யார் அனுப்பினது. நாற்காலி அனுப்பியது என்று சொல்லலாமா.

எழுந்து போன பிள்ளை ஓடியதா, நடந்ததா? அதை ஞாபகப்படுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று தோன்றியது. அப்பன் வழக்கமாக வருகிற பிள்ளை என்றால் நடக்கும், நாளாகக் காணாத பிள்ளை என்றால் ஓடும். இல்லை, பயந்த பிள்ளை என்றால் நடக்கும், ஆசையான பிள்ளை ஓடும். ஓடியது என்றுதான் கண்ணில் நிற்கிறது, சடை இரண்டும் முதுகில் அடிக்க அடிக்க. ஆனால் அந்தப் பிள்ளையின் கையில் சிலேட்டு இருக்கிறதே. இப்போது யார் சிலேட்டு வைத்திருக்கிறார்கள்? அது தனுஷ்யா இல்லை, அது சீனியம்மாள்தான். அவளும் மூணாங்கிளாஸ்தான். வெயில் நேரம், வாசலில் அவள் அய்யா வந்து நின்றார், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. வாத்தியாரிடம் என்னவோ சொன்னார். வாத்தியார் வெற்றிலை வாயோடு அவளைப் பார்த்து, போ என்பதுபோல் கையை வீசினார். என்ன ஓட்டம் ஓடினாள் அன்றைக்கு. பள்ளிக்கூடம் விடுவதற்குள் வீட்டுக்குப் போகிறோம், எல்லாரும் பார்க்க அப்பனோடு போகிறோம். அய்யா கடையில் சேவு வாங்கிக் கொடுத்தார், காகிதத்தை நக்கித் தின்றாள். மறுநாள் விடியற்காலையில் தீப்பெட்டி ஆபீஸ் வேனில் ஏற்றிவிட்டார்கள், கட்டையில் குச்சி அடுக்க உட்கார்ந்தாள், அப்புறம் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தது ஆயா வேலைக்கு வந்தபோதுதான். எதுக்குக் கூட்டிட்டுப் போறீங்க என்று அந்த வாத்தியார் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அய்யா கும்பிட்டிருப்பார். சாமி என்று சொல்லியிருப்பார். அந்த வாத்தியாருக்கும் கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்திருக்குமோ. சேச்சே, இவன் யாரோ, எதற்கு வந்தானோ, ஆஸ்பத்திரிக்கோ காதுகுத்துக்கோ கூட்டிப் போயிருப்பான், பெற்றவனைப் போய். அப்படியானால் ஏன் இந்தக் கை நாற்காலியின் பிடியை இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஜன்னலுக்கு வந்தாள். எதிரே சமையல் கூடத்திலிருந்து தாளித்த வாசனை வந்தது. "லூர்து, ஏ லூர்து! தனுஷ்யாவை அவங்கப்பா கூட்டிட்டுப் போயிட்டாரு!"

"சரி, அதுக்கு?"

"டீச்சர்கிட்டக் கேக்கலயே!"

"பெத்த அப்பன் வந்து கூப்பிட்டா அனுப்பாம, பின்ன பூட்டியா வைப்பாக? புளியைக் கரைக்கவா இன்னும் ஊறட்டுமா, அதைச் சொல்லு முதல்ல."

"எந்தப் பிள்ளைக்கோ கேஸுன்னு டீச்சர் சொன்னாகள்ல, ஒனக்கு ஞாவகம் இருக்கா?"

"எனக்கு நேத்து என்ன கொழம்பு வச்சோம்னே ஞாவகம் இல்ல. நீ சேர்ல ஏறி உக்காந்ததும் ஒனக்கு டீச்சரு கவலையெல்லாம் வந்துருச்சு."

சிரிக்கிற சத்தம் கேட்டது. பார்த்துவிட்டாளா, நாற்காலியில் உட்கார்ந்ததை. சீனியம்மாள் இடுப்பிலிருந்து செல்லை எடுத்தாள். ஹெலன் டீச்சர் நம்பரை டீச்சரே அவர்கள் கையால் போட்டுக் கொடுத்தது, பச்சையை அமுக்கினால் போகும். போனது. அடித்துக்கொண்டே இருந்தது. கூட்டத்தில் பெரிய அதிகாரி பேசிக்கொண்டிருப்பார், செல்லை எல்லாரும் பைக்குள் போட்டிருப்பார்கள். மறுபடி அமுக்கினாள். எடுத்தால்தான் என்ன சொல்வது? டீச்சர், ஒரு பிள்ளையை அனுப்பிட்டேன் என்றா? எந்தப் பிள்ளை, யார்கூட, எதுக்கு என்று கேட்டால், செருப்பு மட்டும் பார்த்தேன் என்றா? அடித்து ஓய்ந்தபோது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது, அந்த நிம்மதி வந்ததும் தன்மேல் வெறுப்பாக வந்தது. ஒன்றாம் வகுப்புக்காரன் ஒருவன் சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றான். போ என்றாள். சொன்னதும் திடுக்கிட்டு, "இரு, இரு, எங்க போற?" என்று அவன் சட்டையைப் பிடித்தாள். "ஒண்ணுக்கு ஆயாம்மா" என்று அவன் அழுகிற மாதிரி சொன்னான். ஒன்றுக்குப் போகிற பிள்ளையைக்கூட அனுப்பத் தெரியாமல் போய்விட்டது. அவன் கழிப்பறைக்குப் போய்த் திரும்பும் வரைக்கும் வாசலிலேயே நின்றாள்.

தனுஷ்யா உட்கார்ந்த இடத்தில் பாய் கொஞ்சம் சுருண்டிருந்தது. பை இல்லை. பையையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. காதுகுத்துக்குப் போகிற பிள்ளைக்குப் பை எதற்கு? ஆனால் பிள்ளைகள் எங்கே போனாலும் பையைத் தூக்கிக்கொண்டுதான் போகின்றன, பையை வைத்து என்ன சொல்ல முடியும். அவன் வண்டியில் வந்த சத்தம் கேட்டதா? இல்லை. நடந்து வந்தான். நடந்து வந்தால் பஸ்ஸில்தான் வந்திருக்க வேண்டும், பஸ்ஸில்தான் போகவும் வேண்டும். பதினொண்ணே முக்கால் வண்டி இன்னும் வரவில்லை, வந்தால் அந்த ஆரன் சத்தம் இந்த வகுப்பு வரைக்கும் கேட்கும், பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து பாம் பாம் என்று கத்தும். அப்படியானால் இன்னும் பஸ் நிறுத்தத்தில்தான் இருக்கிறார்கள். அங்கேதான் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் பயம் குறையவில்லை, கூடிவிட்டது. இவ்வளவு நேரமும் முடிந்துபோன ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது முடியவில்லை என்று ஆகிவிட்டது. பெற்றவன் நல்லவனாக இருந்தால் ரோட்டில் வைத்து அவனை அவமானப்படுத்தினதாக ஆகும். அந்த அம்மாக்காரி அழுத அழுகை உண்மையாக இருந்தால் பஸ் ஏறின பிறகு எந்த ஊரில் போய்த் தேடுவது. இவளுக்கு இரண்டு முகமும் தெரியாது. இதில் எதை நம்புவது. பிள்ளைகளைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாது, லூர்து அடுப்பை விட்டு வரமாட்டாள், போகாமலும் இருக்க முடியாது.

"எல்லாரும் எந்திரிங்க" என்றாள். அது தன் குரல்தானா என்று இருந்தது. "ரயில் மாதிரி நில்லுங்க. முன்னால இருக்க பிள்ள சட்டையப் பிடிச்சுக்கிடணும், விடக் கூடாது."

"எங்க ஆயாம்மா போறோம்?"

"பஸ் ஸ்டாப்புக்கு."

"டூரா?" என்று நாலைந்து பேர் குதித்தார்கள். ஜெயபாரதி மட்டும், "டீச்சர்கிட்டக் கேட்டீங்களா?" என்றாள். கேட்கவில்லை. இதையும் கேட்கவில்லை. ஒரு பிள்ளையைக் கேட்காமல் அனுப்பினவள் இப்போது மொத்தப் பள்ளிக்கூடத்தையும் கேட்காமல் வெளியே கொண்டு போகிறாள். லூர்து கரண்டியோடு வெளியே ஓடி வந்து, "ஏ இவளே, ஒனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு!" என்று கத்தினாள். ரயில் கேட்டைத் தாண்டியது. ஜெயபாரதிதான் எஞ்சின், கூ கூ என்று அவளே சத்தம் கொடுத்துக்கொண்டாள். சீனியம்மாள் ஓரமாக, ரோட்டுப் பக்கம் தன் உடம்பு இருக்கிற மாதிரி நடந்தாள். தண்ணீர்த் தொட்டி தாண்டி வளைவு திரும்பினதும் வேப்பமரத்து நிழலில் அவர்கள் இரண்டு பேரும் தெரிந்தார்கள். பிள்ளை பையின் மேல் உட்கார்ந்து குச்சி ஐஸ் சப்பிக்கொண்டிருந்தது. மடியில் ஒரு புதுக் கவுன், அட்டையைக்கூடப் பிரிக்காமல்.

"ஏ தனுஷ்யா, எங்கடி போற?" என்றாள் ஜெயபாரதி.

"திருப்பூருக்கு!" பிள்ளைக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "எங்கப்பா வீட்டுக்கு. அம்மாவும் அங்க வந்துரும். அம்மாகிட்ட இப்பச் சொல்லக் கூடாது, சர்ப்ரைஸ்."

அவன் எழுந்து நின்றான். "என்ன மேடம்?" என்றான், சுற்றி வந்து நின்ற பிள்ளைகளைப் பார்த்து, பிறகு அவளைப் பார்த்து. மறுபடியும் மேடம். இந்தத் தடவை அது உடம்பில் எங்கேயும் ஒட்டவில்லை.

"பிள்ளையை விட்டுட்டுப் போங்க தம்பி" என்றாள்.

"நீங்கதான அனுப்புனீங்க?"

"நான் டீச்சர் இல்ல. சோறு போடுற ஆயா. சேர் காலியா இருந்துச்சு, உக்காந்துட்டேன். நான் அனுப்புனது செல்லாது."

"ரெண்டு நாள்ல கொண்டாந்து விட்டுருவேன்."

"அதை டீச்சர் வந்ததும் சொல்லுங்க. இல்ல, இவ அம்மாகிட்டச் சொல்லுங்க."

"அவகிட்டயா?" அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "கேஸு முடியட்டும், முடியட்டும்னு ஒன்றரை வருசமாச்சு. முடியறதுக்குள்ள இவ வளந்துருவா. நான் என்ன, அடிக்கிறவனா? கேட்டுப் பாருங்க இவகிட்டயே."

கேட்கவில்லை அவள். கேட்டால் பிள்ளை இல்லை என்றுதான் சொல்லும், அந்த ஐஸ் வாயோடு. அது உண்மையாகவும் இருக்கும். கேஸ் இந்தப் பிள்ளைக்குத்தான் என்று தெரிந்துவிட்டது, தெரிந்தால் தெளிந்துவிடும் என்று நினைத்திருந்தாள், ஒன்றும் தெளியவில்லை. அவனைப் பார்த்தால் கெட்டவனாகவும் தெரியவில்லை. கெட்டவன் எப்படி இருப்பான் என்று யாருக்குத் தெரியும். வளைவில் ஆரன் சத்தம் கேட்டது. பிள்ளைகள் பாம் பாம் என்று கத்தினார்கள். பஸ் வந்து நின்றது, கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "என்ன ஆயா, மொத்தப் பள்ளிக்கூடமும் ஏறுதா? டிக்கெட் யாரு எடுக்கிறது?" என்றான். தனுஷ்யாவின் ஒரு கையை அப்பன் பிடித்திருந்தான். இன்னொரு கையைச் சீனியம்மாள் எப்போது பிடித்தாள் என்று அவளுக்கே தெரியாது, ஐஸ் ஒழுகிப் பிசுபிசுவென்று இருந்த கை. இழுக்கவில்லை. விடவும் இல்லை. பிள்ளை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. "ஏறுறியாய்யா இல்லையா, வண்டியை எடுக்கணும்" என்று கண்டக்டர் விசிலை வாயில் வைத்தான். அப்போது அப்பன் கையை விட்டான். குனிந்து பிள்ளையிடம், "அப்பா அடுத்த வாரம் வாரேன், என்ன" என்றான். சட்டைப்பையிலிருந்து எதையோ எடுக்கப் போனவன் எடுக்காமல் ஏறிவிட்டான்.

பஸ் கிளம்பின பிறகுதான் பிள்ளைக்குப் புரிந்தது. கையை உதறிக்கொண்டது. "நீங்கதான போகச் சொன்னீங்க? தலைய ஆட்டுனீங்கள்ல? அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"ஆமாத்தா, ஆட்டினேன்" என்றாள் சீனியம்மாள்.

"அப்புறம் எதுக்கு?"

மத்தியானத்துக்குள் டீச்சர் வருவார்கள், எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும், நாற்காலியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேலை இருக்குமோ போகுமோ. இந்தப் பிள்ளையின் அம்மா வந்து கும்பிடுவாளோ, எப்படிடி அனுப்பலாம் என்று முடியைப் பிடிப்பாளோ. ரயிலைத் திருப்பச் சொன்னாள். பிள்ளைகள் நின்ற இடத்திலேயே திரும்பி முன்னால் நின்றவரின் சட்டையைப் பிடித்தார்கள், வாலில் போய் நின்ற தனுஷ்யா இப்போது எஞ்சினாகிவிட்டது. அதற்குப் பிடிக்கச் சட்டை இல்லை, புதுக் கவுனை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டது. கூ என்று சத்தம் கொடுக்கவில்லை. நாலு எட்டு நடக்கும், நின்று ரோட்டைத் திரும்பிப் பார்க்கும். பின்னால் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டு நிற்பார்கள். மறுபடி நாலு எட்டு. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது, சோறு ஆறும், லூர்து கத்துவாள், போங்கத்தா போங்க என்று விரட்டலாம். அவள் விரட்டவில்லை. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ரயில் ஒரேயடியாக நின்றுவிட்டது.

"என்னடி, ஏன் நிக்கிறா?" என்று ஜெயபாரதி பின்னாலிருந்து கத்தினாள்.

"இரு," என்றான் நடுவில் நின்ற ஒன்றாம் வகுப்புக்காரன், முன்னால் நின்றவளின் சட்டையை விடாமல். "இன்னும் சிக்னல் விழல."